வேர் நீண்டிருந்தது, தரை முடிந்திருந்தது: கடலூரில் ஒரு சிறு கேமின் சோதனை

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கேம் செய்துவருகிறார்கள். கோட் எழுதுபவர் பகலில் புதுச்சேரியில் ஐடி வேலைக்குப் போகிறார். படம் வரைபவர் அவருடைய பெரியப்பா மகள், பரங்கிப்பேட்டைக்காரர். ஒலி, இசை இரண்டும் கல்லூரி நண்பர் ஒருவர் பொறுப்பு. முதலீடு என்று சொல்லப்போனால் இரண்டு லேப்டாப், ஒரு பழைய மானிட்டர், இரண்டு கன்ட்ரோலர், அவ்வளவுதான். கேமை உருவாக்கப் பயன்படும் மென்பொருளான எஞ்சின், இலவசமாகக் கிடைக்கும் கோடாட். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருப்பவன் என்பதால், டெமோ ஓரளவு தயாரானதும் வெளியாட்களை விளையாட வைத்துப் பார்க்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். மூவரின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும் கேமின் தலைப்பையும் மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

பக்கவாட்டில் பார்த்தபடி குதித்துத் தாண்டிப் போகும் கேம் இது. ஆனால் ஒரு லெவல் முடிந்து அடுத்த லெவல் என்று நேராகப் போகாது. ஒரே பெரிய உலகம். இப்போது எட்டாத மேடு, பிறகு கிடைக்கும் ஒரு திறமையால் எட்டும். அதற்காகப் பழைய இடத்துக்குத் திரும்பி வரவேண்டும். 1986-ல் வந்த மெட்ராய்டும் 1997-ல் வந்த காசில்வேனியா வரிசைக் கேமும் போட்ட பாதை என்பதால் இந்த வகையை மெட்ராய்ட்வேனியா என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஹாலோ நைட்டுக்குப் பிறகு, உலகெங்கும் சிறு குழுக்களுக்கு இந்த வகைமேல் ஒரு கண். மஞ்சக்குப்பத்து மூவரும் அதில் மயங்கியவர்கள்தான்.

கேமின் அமைப்பு

கதை நடப்பது பிச்சாவரம் போன்ற ஓர் அலையாத்திக் காட்டில். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் அந்தக் கால்வாய்களைப் படம் வரைபவர் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். சுரபுன்னையின் வேர்கள் வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கும். அவைதான் கேமில் படிக்கட்டு, பாலம், சுவர் எல்லாம். அப்பாவின் காணாமல்போன படகைத் தேடும் ஒரு சிறுமியை நாம் நடத்திப் போகிறோம். முதலில் அவளுக்குக் குதிக்க மட்டும்தான் தெரியும். பிறகு ஒரு படகுக் கழி கிடைக்கும். அதை ஊன்றி அகலமான கால்வாயைத் தாண்டலாம்.

கேமின் உயிர் அதில் வரும் ஏற்றவற்றம். நிஜக் கடலில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம் போகும். கேமில் அது ஆறு நிமிடம். நீர் வற்றினால் சேற்று வழிகள் திறக்கும், நீர் ஏறினால் உயரத்து வேர்கள் எட்டும். திரையில் கடிகாரமோ அளவுகோலோ கிடையாது. வேர்களில் படிந்த ஈரக் கோட்டையும், ஒற்றைக் கொடுக்கு பெருத்த சின்ன நண்டுகள் வளையை விட்டு வெளியே வருவதையும் பார்த்து, நீர் எந்தப் பக்கம் போகிறது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கேமில் அதைத் தொட்டால் திரை சிறிது நேரம் மங்கிவிடும்.

சோதனை நடந்த விதம்

பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டோம். பாதிப் பேர் பொறியியல் மாணவர்கள், கேமில் ஊறியவர்கள். மற்றவர்களில் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையன், செல்போனில் கேண்டி கிரஷ் தவிர வேறெதுவும் ஆடாத ஒரு பள்ளி ஆசிரியை, ஒலிக்காரரின் தம்பி என்று கலவையாக இருந்தார்கள். திரையைப் பதிவு செய்தோம். எந்தப் பட்டன் எந்தப் பிரேமில், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் எதில், அழுத்தப்பட்டது என்பதும் பதிவாகும்படி கோட் எழுதுபவர் ஒரு சின்ன வசதி செய்து கொடுத்தார். பிற்பாடு எல்லாவற்றுக்கும் உதவியது அதுதான்.

குழு ஒரு கருத்துப் படிவம் தயாரித்து வைத்திருந்தது. அது சுத்தமாக உதவவில்லை. தெரிந்தவர் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, அவர் செய்த கேமை ஆடிவிட்டு, அவர் எதிரிலேயே படிவத்தில் குறை எழுத நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. "சூப்பர் அண்ணா", "நல்லா இருக்கு, கொஞ்சம் கஷ்டம்" என்பதைத் தாண்டி எதுவும் தேறவில்லை. கஷ்டமா என்று கேட்டால் கஷ்டம் என்பார்கள். எது கஷ்டம் என்பதற்கு அவர்களிடமே பதில் இருக்காது.

இன்னொரு சிக்கல், கோட் எழுதுபவர் அறையிலேயே நின்றது. ஒருவர் தடுமாறினால் உடனே, "அங்க இல்லடா, மேல பாரு, அந்த வேரு மேல" என்று சொல்லிவிடுவார். செய்தவருக்கு வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது. ஆனால் கேமோடு அவரையும் சேர்த்து அனுப்ப முடியாது. மூவரும் பக்கத்து அறையில் இருப்பது, நான் மட்டும் பின்னால் உட்கார்ந்து பேசாமல் குறிப்பெடுப்பது என்று மாற்றினோம்.

கண்டவை: பிடித்தது

படிவத்தை ஒதுக்கிவிட்டு முகத்தைப் பார்த்தால், பிடித்தது எது என்று தெளிவாகவே தெரிந்தது. நீர் முதல் முறை வற்றி, அதுவரை குளமாகக் கிடந்த இடத்தில் ஒரு வழி திறக்கும்போது, ஏறக்குறைய எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியை மட்டும் அங்கேயே நின்று, இன்னொரு முறை நீர் ஏறி வற்றுவதை வேடிக்கை பார்த்தார். கழி கிடைத்தவுடன் பழைய இடத்துக்கு ஓடிப்போய், "இப்ப தாண்டலாம்ல" என்று தனக்குள் பேசிக்கொண்டவர்கள் பலர். இந்த வகைக் கேமின் மொத்த ருசியும் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. ஒலியும் நன்றாக வேலை செய்தது. நீர் வற்றும்போது சேற்றில் குமிழி வெடிக்கும் சத்தத்தை வைத்தே நேரம் கணித்த ஒரு மாணவரைப் பார்த்தேன்.

எட்டாம் வகுப்புப் பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மேப் வரையத் தொடங்கினான். யாரும் சொல்லவில்லை. கேமில் மேப் இல்லை என்பது அவனுக்குக் குறையாகவே படவில்லை.

தில்லை மரத்தைத் தொட்டுத் திரை மங்கியபோது, ஒரு மாணவர் எழுந்துபோய் மானிட்டரின் கேபிளை ஆட்டிப் பார்த்தார். பழைய மானிட்டர், அவரைக் குறை சொல்ல முடியாது.

கண்டவை: வேரின் விளிம்பு

இரண்டாம் பகுதியில் ஓர் இடைவெளி. இந்தப் பக்கம் ஒரு சுரபுன்னை வேர், அந்தப் பக்கம் இன்னொன்று, நடுவே நீர். மாணவர்களிலேயே கைதேர்ந்தவர் அங்கே திரும்பத் திரும்ப விழுந்தார். கடைசியில் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "அண்ணா, பட்டன் லேட்டா வேலை செய்யுது" என்றார். இன்னும் இருவர் அதே இடத்தில் அதையே சொன்னார்கள். ஆசிரியையோ, "எனக்குத்தான் வராது" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

குழுவின் முதல் யோசனை இடைவெளியைக் குறுக்குவது. பதிவை ஒவ்வொரு பிரேமாக ஓட்டிப் பார்க்காமல் எதையும் தொட வேண்டாம் என்றேன். வினாடிக்கு 60 பிரேம் ஓடும் கேம் இது; ஒரு பிரேம் என்பது ஏறக்குறைய 17 மில்லிவினாடி. அந்த மாணவர் ஒவ்வொரு முறையும் ஜம்ப் பட்டனை அழுத்தியிருந்தார். ஆனால் மூன்று நான்கு பிரேம் பிந்தி. அதற்குள் பாத்திரம் தரையை விட்டு விலகி விழத் தொடங்கியிருந்தது. தரையில் இல்லாதபோது அழுத்திய ஜம்ப்பை கேம் கண்டுகொள்ளவில்லை.

ஏன் எல்லோரும் ஒரே இடத்தில் பிந்துகிறார்கள்? பதில் படத்தில் இருந்தது. வேரின் நுனி அழகாக வளைந்து, சற்றே தாழ்ந்து, நீரின் மேல் நீண்டிருந்தது. எது தரை என்று கேமுக்குச் சொல்ல, கண்ணுக்குத் தெரியாமல் அதன்கீழ் வைத்த மோதல் பெட்டியோ, வேர் வளையத் தொடங்கும் இடத்திலேயே முடிந்திருந்தது. படத்தில் இன்னும் கால் வைக்க இடம் இருந்தது, கணக்கில் தரை முடிந்துவிட்டது. விளிம்பு வரை ஓடிக் குதிக்கத் தெரிந்த நல்ல ஆட்டக்காரர்தான் இதில் அதிகம் விழுவார். முன்கூட்டியே பயந்து குதிப்பவர் தப்பித்துவிடுவார். எல்லோரும் புகழ்ந்த அதே வளைவுதான் எல்லோரையும் தள்ளிவிட்டிருக்கிறது. பட்டன்மேல் வந்த புகாரைப் பட்டனில் தேடியிருந்தால் இது கிடைத்திருக்காது.

கண்டவை: காத்திருப்பும் தொலைவும்

மூன்றாம் பகுதியில் வற்று நேரத்தில் மட்டும் திறக்கும் ஒரு நீண்ட சேற்று வழி. பாதியில் இறந்தால் விளக்குக் குடிசைக்குத் திரும்ப வேண்டும். அதுதான் சேவ் ஆகும் இடம். அங்கிருந்து ஓடிவருவதற்குள் நீர் ஏறியிருக்கும். அடுத்த வற்றம் வரை சும்மா நிற்க வேண்டும். நிற்கும்போது மாணவர்களின் கை தானாகச் செல்போனுக்குப் போனது. என்னைக் கேட்டால், நட்சத்திரம் போட்டு மதிப்பிடுவதெல்லாம் வேண்டாம், கை எப்போது போனுக்குப் போகிறது என்று குறித்தாலே போதும்.

இங்கே இரண்டு விஷயம் பின்னிக் கிடந்தன. இறந்த இடத்துக்குத் திரும்பி ஓடுவது ஹாலோ நைட்டிலும் உண்டு. விட்டுவந்த காசை எடுப்பதற்குள் மறுபடி இறந்தால் அந்தக் காசு போயே போய்விடும். ஆனாலும் அந்த ஓட்டத்தில் கைக்கு வேலை இருக்கும். 2018-ல் வந்த செலஸ்ட் நேர் எதிர்: இறந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே திரையில் மறுபடி நிற்பீர்கள். இவர்கள் கேமில் ஓட்டமும் இருந்தது, ஓடி முடித்த பிறகு வேலையில்லாமல் நிற்பதும் இருந்தது. திரும்ப ஓடுவதைப் பொறுத்துக்கொண்டவர்கள்கூட நிற்பதைப் பொறுக்கவில்லை.

மேப் இல்லாத குறையும் இங்கேதான் சேர்ந்துகொண்டது. காத்திருக்கும் நேரத்தில் வேறெங்காவது போகலாமே என்று கிளம்பியவர்கள் வழி தெரியாமல் சுற்றி, அடுத்த வற்றத்தையும் தவறவிட்டார்கள். ஹாலோ நைட்டில் மேப் சும்மா கிடைக்காது என்பதைப் பார்த்து மூவரும் துணிந்து மேப்பையே எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கேமில் மேப் விற்பவர் பகுதிக்குப் பகுதி இருக்கிறார். எழுதுகோல் வாங்கினால், சேவ் ஆகும் இடமான பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் பார்த்த இடம் மேப்பில் ஏறிவிடும். கஞ்சத்தனமாகத் தந்தாலும் தரத்தான் செய்கிறார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேரை நேராக்கிவிடலாம் என்றார் கோட் எழுதுபவர். "வேரை நேராக்கினா அது சுரபுன்னையே இல்ல தம்பி, பிளாட்பாரம்" என்றார் படம் வரையும் அக்கா. படம் அப்படியே இருக்கட்டும், தரைதான் படத்துக்கு வரவேண்டும் என்று முடிவானது. மோதல் பெட்டிகளை நுனி வரை நீட்டினார்கள். கூடவே, விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 வினாடி, அதாவது ஆறு பிரேம் வரை, ஜம்ப்பை ஏற்கும் சலுகையும் வந்தது. செலஸ்ட்டில் இருப்பதும் இதே அளவுதான். அதன் நாயகியை இயக்கும் கோட் பகுதியைச் செய்தவர்களே பொதுவில் வைத்திருப்பதால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திய பட்டனை நினைவில் வைத்து, கால் பட்டதும் குதிக்க வைக்கும் ஏற்பாடும் சேர்ந்தது.

இதற்குக் கோட் எழுதுபவர் எளிதில் சம்மதிக்கவில்லை. கேம் சுலபமாகிவிடும், திறமைக்கு மதிப்பு போய்விடும் என்பது அவர் வாதம். பழைய பதிவைப் போட்டுக் காட்டினோம். விளிம்பு எங்கே இருக்கிறது என்று சரியாகப் பார்த்தவர்தான் அதிகம் விழுகிறார் என்றால், கேம் அளப்பது திறமையை அல்லவே. சரி, வைத்துப் பார்ப்போம் என்றார்.

ஏற்றவற்றத்துக்கு மூன்று யோசனைகள் வந்தன. ஆறு நிமிடத்தை மூன்றாக்கலாம் என்பது முதலாவது. அன்று இரவே செய்து பார்த்தார்கள். ஒரு வற்றத்துக்குள் சேற்று வழியைக் கடக்க முடியவில்லை, வழியைச் சுருக்கினால் காடு தோட்டமாகிவிடுகிறது. அது விலக்கப்பட்டது. இறந்தால், குடிசையை விட்டுக் கிளம்பியபோது நீர் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்துக்குத் திரும்புவது இரண்டாவது. குடிசையில் விளக்கருகே உட்கார்ந்து நேரத்தை ஓட்டிவிடலாம் என்பது மூன்றாவது. இந்த இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள். திரையில் கடிகாரம் வேண்டும் என்று நானும் ஒரு கட்டத்தில் கேட்டேன், அக்கா மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஈரக் கோட்டின் நிறத்தை அடர்த்தியாக்கினார். இன்று பார்க்கும்போது அவர் சொன்னதுதான் சரி.

மேப்புக்குப் பையனின் நோட்டுப் பக்கமே மாதிரியானது. அவன் அளவு பார்த்து வரையவில்லை. கோணல் வேர், இரட்டை மரம், உடைந்த படகு என்று அடையாளங்களைப் போட்டு, நடுவே கோடு இழுத்திருந்தான். அதே போல, பார்த்த இடங்கள் மட்டும் குடிசையில் உட்காரும்போது வரையப்படும். நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டாது.

கழி கிடைக்கும் இடத்தையும் முன்னால் கொண்டுவந்தார்கள். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கிய கேமை 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் கேம் தன் கையிலிருப்பதைக் காட்டிவிட வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்து வந்த கழி இப்போது பத்து நிமிடத்துக்குள் வருகிறது.

எழுத்துப் பிரச்சினையும் ஒன்று இருந்தது: தொடக்கத்தில் கோடாட் 3-ல் செய்ததால் 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 2023-ல் வந்த கோடாட் 4-க்கு மாறியதும் அது தீர்ந்தது.

தொடாமல் விட்டது, டெமோவின் இறுதியில் வரும் பெரிய நண்டு. அதை எளிதாக்க மூவருக்குமே மனமில்லை. 2025 செப்டம்பரில் ஹாலோ நைட்டின் அடுத்த பாகமான சில்க்சாங் வந்தபோது, தொடக்கப் பகுதியிலேயே இவ்வளவு கடினமா என்று உலகம் முழுக்கப் புலம்பல் எழுந்ததும், அதைச் செய்தவர்கள் முதல் திருத்தத்திலேயே ஆரம்பத்து பாஸ்கள் (பெரிய எதிரிகள்) சிலவற்றைச் சற்றுத் தணித்ததும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டார்கள்.

பின்விளைவு

இரண்டாம் சுற்றுக்குப் பழைய ஆட்கள் சிலரும் புதியவர்கள் சிலரும் வந்தார்கள். பட்டன் பற்றிய புகார் ஒன்றுகூட இல்லை. சலுகை சேர்ந்திருப்பதை யாரும் கவனிக்கவும் இல்லை. முதல் சுற்றில் விழுந்த மாணவர், "ப்ராக்டிஸ் ஆயிடுச்சு" என்று நினைத்துக்கொண்டார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆசிரியை மூன்றாம் பகுதி வரை போனார். போன் எடுப்பது வெகுவாகக் குறைந்தது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இறந்தால் நீர் பழைய மட்டத்துக்கு வரும் என்று கண்டுகொண்ட இருவர், வழியைத் தவறவிட்டதும் வேண்டுமென்றே நீரில் விழுந்து நேரத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதை அடைக்க வேண்டும் என்றார் கோட் எழுதுபவர். கண்டுபிடித்தவன் சந்தோஷப்படட்டும் என்றார் அக்கா. இன்றுவரை அடைக்கப்படவில்லை. எனக்கு இதில் அரை மனம்தான். அப்பாவின் படகைத் தேடும் சிறுமியை நேரம் திருப்புவதற்காகச் சாகடிப்பது, அந்தக் கேம் கட்டியெழுப்பும் மனநிலையோடு ஒட்டவில்லை.

மேப் அரைகுறை வெற்றி. சுற்றித் திரிந்தவர்களுக்கு உதவியது. ஆனால் பையன் மேப் வந்த பிறகு நோட்டை எடுக்கவில்லை. இரண்டையும் ஒரே கேமில் வைத்திருக்க முடியுமா என்பதில் குழுவுக்கு இன்னும் தெளிவில்லை.

ஒரு கேமுக்கு உண்டான 100 டாலர் கட்டணத்தைக் கட்டி ஸ்டீமில் டெமோவை ஏற்றினார்கள். வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் கொஞ்சம் பேர் ஆடினார்கள். நீரின் ஏற்றவற்றத்தைப் பாராட்டாதவர் குறைவு. நண்டைத் திட்டாதவர் அதைவிடக் குறைவு. திட்டியவர்கள் எழுதியதைக் கூர்ந்து படித்தால், நண்டின் அடி ஒரு பக்கம் இருக்க, குடிசையிலிருந்து நண்டு வரை நடக்கும் தூரத்தைத்தான் அதிகம் பேர் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் பகுதியில் கண்ட அதே விஷயம். அதன்பிறகு நண்டுக்கு முன்னால் ஒரு விளக்கு வைத்தார்கள். நண்டின் பலத்தில் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. திட்டு குறைந்தது.

இதற்கிடையில் ஒலிக்காரருக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. இப்போது வார இறுதியில் மட்டும் சேர்கிறார். முழுக் கேம் எப்போது வரும் என்று தேதி சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

அடுத்த முறை மாறப்போவது

புதிய பகுதிகளை முதலில் சாம்பல் நிறக் கட்டைகளாக அடுக்கி, ஓடிக் குதித்துப் பார்த்த பிறகே வேர்களை வரைவது என்று முடிவாகியிருக்கிறது. இதுவரை படம் முதலில் வந்தது, பெட்டி பிறகு வந்தது. இனி நுனியின் வளைவை வரையும்போதே, எந்த இடம் வரை கால் நிற்கும் என்று அக்காவே தனி அடுக்கில் கோடு போட்டுத் தருவார்.

படிவம் ஒரு கேள்வியாகச் சுருங்கியிருக்கிறது: எந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது? அதையும் செய்தவர்கள் கேட்பதில்லை, நான் கேட்கிறேன். பதிலைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த மாற்றமும் கிடையாது.

தில்லை மரத்தைத் தொட்டால் திரை மொத்தமும் மங்காமல், சிறுமி கண்ணைக் கசக்கும் அசைவும் வரும்படி செய்கிறார்கள். கேபிளை யாரும் ஆட்ட வேண்டியதில்லை. அடுத்த சோதனையைக் கடலூரில் வைக்காமல் பரங்கிப்பேட்டையில், கேமே ஆடாத ஆனால் அந்தக் கால்வாய்களில் படகு தள்ளும் இளைஞர்களை வைத்துச் செய்யலாம் என்று பேச்சு. நீரைப் பார்த்து நேரம் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த ஈரக் கோட்டை நம்புகிறார்களா என்று அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.